ஒரு பை தேநீரும் ஒரு வெள்ளைப் புள்ளியும்

சீனி விஷயத்தில் என்னைப் போல ஒழுக்கமானவன் கிள்ளானில் இல்லை என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். காலையில் கடைக்காரரிடம், "அண்ணே, தே ஒண்ணு, கூராங் மானிஸ், போங்குஸ்" என்பேன். சீனி குறைத்த தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா சொருகி, ஓரத்தில் முடிச்சுப் போட்டுத் தருவார். அதைக் காரில் ஸ்டியரிங் பக்கத்துச் சிக்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அலுவலகத்துக்குக் கிளம்புவேன். வழியில் ஷா ஆலம் தாண்டியும் டிராபிக் ஜேம்தான். கார் நிற்கும்போதெல்லாம் ஒரு வாய். ஒரு பை ஒன்றரை மணி நேரம் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

என் மனைவி இதற்கு நேர் எதிர். தித்திக்கும் டின் பால் தாராளமாக விட்ட தேநீரை நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்கு நான் செய்த உபதேசத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

பல் சுத்தம் செய்ய இருவரும் சேர்ந்து போனோம். அவள் வாயில் ஒரு குறையும் இல்லை. என் முன்பல்லில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. சொத்தையின் ஆரம்பம் என்றார் டாக்டர், என் மகள் வயதுப் பெண். பல் குடையும் மெஷின் சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய்விடும். நாற்காலியில் பாதி எழுந்துவிட்டேன்.

உட்காரவைத்து விளக்கினார். வாய்க்குள் இருக்கும் கிருமி சீனியைத் தின்று அமிலம் விடுமாம். அது எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்குமாம். பிறகு எச்சில் அமிலத்தைத் தணித்து, போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்கும். பற்பசையில் உள்ள புளோரைடு அதற்கு ஒத்தாசை. திரும்பி வருவதைவிடப் போவது அதிகமானால் முதலில் வெள்ளைப் புள்ளி, அப்புறம் மேற்பரப்பு உடைந்து குழி. புள்ளியாக இருக்கும்வரை பல் மறுபடி இறுக வாய்ப்புண்டு, மெஷின் வேண்டாம் என்றார். எங்கள் தேநீர்ப் பழக்கத்தை மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்.

"ஆன்டி ஒரே தடவையில குடிச்சு முடிச்சிடுறாங்க, அங்கிள். மத்த நேரம் பல்லு ரெஸ்ட் எடுக்குது. நீங்க உறிஞ்சி உறிஞ்சி அதுக்கு ரெஸ்டே கொடுக்க மாட்றீங்க," என்றார் டாக்டர்.

மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்றே காரில் தேநீரை நிறுத்தினேன். ஆறு மாதம் கழித்து, சபாஷ் வாங்குவதற்காகவே மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் சாய்ந்தேன். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். புள்ளி உடைந்து குழி விழுந்திருந்தது. தேநீரை நிறுத்தினீர்களா என்று கேட்டார். சத்தியமாக நிறுத்தினேன் என்றேன்.

"கார்ல இன்னும் பை தொங்குதுல்ல," என்றாள் மனைவி. "அதையும் சொல்லுங்க."

சொன்னேன். எலுமிச்சைச் சாறு. அதில் உப்புப் புளிப்பாக ஊறிய பிளம், அதுதான் அசாம் போய், இரண்டு. கடைக்காரர் சீனி ஒரு துளிகூடப் போடுவதில்லை. அதுவும் ஒன்றரை மணி நேரம் வரும்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அசாம் போய்லயே சீனி இருக்கு, அங்கிள். கிருமி அது பாட்டுக்கு வேலைய பாத்திருக்கு. எலுமிச்சை ஊத்தி நீங்களும் கூடச் சேர்ந்து பல்லைக் கரைச்சிருக்கீங்க."

மெஷினை எடுத்தார். எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் ஆரம்பித்ததும் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருடம் உபதேசம் செய்து எந்தக் கையிலிருந்து தேநீர் கிளாஸைப் பிடுங்கி வைத்தேனோ, அவளுடைய அந்தக் கையை, முடியும்வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.