நடாமல் கிடக்கும் இரண்டு கற்கள்

சீனி நானா, உங்களை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடத் தங்கச்சி நான் ஒருத்திதான் இருந்தேன். சின்ன வயதில் சட்டைப் பைக்குள் சீனி போட்டு எனக்குக் கொண்டு வருவீர்களே, அதனால் வந்த பேர். பிலிமத்தலாவைக் கடைத்தெருவுக்கு நீங்கள் சுலைமான் நானா. அந்தச் சுலைமான் நானாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

செய்தியைக் கொண்டு வந்தவர் மாட்டு வண்டி ஓட்டும் ஒரு கரத்தைக்காரர். கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழேயிருந்து தேங்காய் ஏற்றி வந்தவர், மாட்டை அவிழ்க்காமலே கடை வாசலில் நின்றார். நானா காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். எப்போது என்று கேட்டேன். போன கிழமை என்றார். அந்தக் கிழமை ஏழு நாளும் நான் அவருக்கு இராச்சோறு எடுத்து மூடி வைத்திருந்தேன்.

நானா எதற்காக அங்கே போனார் என்று பலர் கேட்டீர்கள். எங்கள் வாப்பாவின் மூத்தாப்பாவை, வாப்பாவுக்குப் பாட்டனாரானவரைத் தேடித்தான் போனார். அந்த மனிதர் பொதிமாடு ஓட்டினவர். கண்டி இராச்சியம் வெள்ளைக்காரன் கைக்குப் போன பிறகு ஒரு கலகம் எழும்பியதல்லவா, கண்டியாரே இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கலகம், அதில் அவர் கலகக்காரரோடு நின்று சண்டை பிடித்தார் என்று வாப்பா சொல்வார். காயம்பட்டுக் கணவாய்க் காட்டில் மௌத்தானார், கூட இருந்தவர்கள் அங்கேயே அடக்கிவிட்டு ஓடினார்கள் என்பது வாப்பாவின் கதை.

ஒரு கலியாண வீட்டில் வைத்து எங்கள் மாமி மகன் காசிம் மச்சான் அந்தக் கதையைக் கேலி செய்தார். "மச்சான், ஒங்கட மூத்தவரு பகல்ல கண்டியாருக்கும் ராவுல வெள்ளக்காரனுக்கும் உப்புச் சொமந்த ஆளாமே" என்றார். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானா சாப்பிடாமல் எழும்பி வந்தார். வீட்டுக்கு வந்து என்னிடம், "ஒரு மனிசன் எந்தப் பக்கம் நின்டு மௌத்தான்டு கூடத் தெரியாத குடும்பமா நாங்க?" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு கடை பூட்டும் நாளெல்லாம் அவர் காட்டில்தான். கடைசியில் விறகு வெட்டும் சிங்கள மனிதர் ஒருவர், பழைய மாட்டுப் பாதையோரம் யாரையோ அடக்கிய ஒரு கபுறைக் காட்டினார். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். எங்களில் ஆண் கபுறுக்கு அப்படி இரண்டு மீசான் கல் நடுவோம். பெண் என்றால் நடுவிலும் ஒன்று வைப்போம். இரண்டைக் கண்டதும் நானாவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வருஷா வருஷம் புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, பாத்திஹா ஓதி, என்னைச் சோறு ஆக்கச் சொல்லி ஏழைகளுக்குக் கொடுத்தார்.

பழைய கற்கள் உடைந்து போனதால் புதிதாக இரண்டு கொத்துவித்தார். அவற்றை நடும் நாளில் காசிம் மச்சானையும் கூட்டிப் போனார். கண்ணால் பார்க்கட்டும் என்று. நான் சோற்றுச் சஹன் தட்டோடு தள்ளி நின்றேன். பக்கத்து மண் சரிந்து மூடியிருக்கிறது, முதலில் அதை வழித்துவிட்டுக் குழி தோண்டுவோம் என்று நானாவே மண்வெட்டியைப் பிடித்தார். கபுறின் நடுவில் மண்வெட்டி கல்லில் பட்டது.

மூன்றாவது கல். ஒரு முழம் மண்ணுக்குள் நேராக நின்றது.

காசிம் மச்சான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மச்சான், இது பொம்புளட கபுறு" என்று மெதுவாகச் சொன்னார்.

நானா கையைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல ஓதி முடித்தார். இறங்கி வரும்போது என்னிடம் சொன்னார். "ஓதினதத் திருப்பி எடுக்க ஏலா புள்ள. அதுல கெடக்கிற உம்மாட பேருக்கே ஈக்கட்டும்." புதுக் கற்கள் இரண்டையும் திரும்பச் சுமந்து வந்து கிணற்றடியில் சாத்தினார். அதற்குப் பிறகு அவர் பாட்டனாரின் பேரை எடுக்கவே இல்லை.

காய்ச்சல் ஊரெல்லாம் பரவின நேரம், கணவாய்க்குக் கீழே இன்னொரு பழைய கபுறு இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். போக வேண்டாம் என்று வாசலை மறித்தேன். "எனக்குப் பிள்ளகுட்டி இல்ல. நான் தேடாட்டி இனித் தேட ஆளில்ல" என்றார். அந்தக் கபுறு வரை போய்ச் சேர்ந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

செய்தி வந்த மறுநாளே காசிம் மச்சான் அங்கே போனார். அந்த ஊரில் ஒரே நாளில் பல மையித்துகளை அடக்கினார்களாம். அடக்கினவர்களிலும் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், மற்றவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். கல் நட யாருக்கும் நேரமில்லை. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லா மேடும் ஒரே மாதிரி ஈக்கிது தங்கச்சி. பொதுவா ஓதிட்டு வந்துட்டன்" என்றார். மழை பெய்தால் அந்த மேடுகளும் தரையோடு தரையாகிவிடும்.

கடையை விற்றாயிற்று. அவர் உடுப்புகளையும் கொடுத்துவிட்டேன். கிணற்றடியில் சாத்தின இரண்டு கற்களை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. தண்ணீர் அள்ளும்போதெல்லாம் தெறித்து நனைகின்றன. பாசி பிடிக்கத் தொடங்கிவிட்டது.

சீனி நானா, இதுகளை நான் எந்த மேட்டில் நடட்டும்?