புத்தி சொல்லாத ஆடு

சேகர் அண்ணைக்கு,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இருமல். இப்போதுதான் கண் அயர்ந்தான். அவன் மூச்சைக் கேட்டபடியே எழுதுகிறேன். உங்கள் தங்கையின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள் கேட்ட கட்டுரை இது. உங்களுக்கென்று எழுதிய வரிகளை மலரில் நீக்கிவிடலாம்.

ரதி அக்கா இறந்த செய்தி வந்தபோது கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்து வீட்டு மாமி போனில், "பிள்ளை, ரதி போட்டா. நெஞ்சு நோகுதெண்டு படுத்தவ, எழும்பேல்லை" என்றார். "ஓம் மாமி" என்றேன். மிச்ச உடுப்பையும் எடுத்து மடித்தேன். ஈரச் சட்டைகளையும் சேர்த்து மடித்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது. இன்னும் அழவில்லை.

ரதி அக்காவும் நானும் பண்டத்தரிப்பில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியைகள். ஒரு பெற்றோர் தினத்தன்று, ஒட்டி வைத்த கடதாசிப் பூக்களை ஆடொன்று புகுந்து தின்றுவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள். அக்கா அந்த ஆட்டைக் கரும்பலகையில் கீறி, "இவ பெயர் பவளம். நாளைக்கு என்னத்தைத் தின்னப்போறா?" என்று கேட்டார். அழுகை நின்றது. பிறகு பவளம் அக்கா எழுதிய கதைப் புத்தகங்களில் வந்தது. தேர்தல் சுவரொட்டி, கலியாணக் காட், எல்லாம் தின்னும். எதற்கும் வருந்தாது.

ஒருமுறை யாரோ கேட்காமலே பவளத்தைக் கொப்பி மட்டையில் அச்சிட்டார்கள். அக்காவோடு நானும் சட்டத்தரணியிடம் போனேன். "கடதாசி தின்னுற ஆடு எண்ட யோசனையை ஒருத்தரும் சொந்தம் கொண்டாடேலாது. ஆனா நீங்கள் எழுதின, கீறின பவளம் உங்கடை. உங்களுக்குப் பிறகு கனகாலம் உங்கடை உரித்தாளரின்ரை" என்றார் அவர்.

வெளியே வந்து அக்கா சிரித்தார். "கேட்டீரே? நான் செத்தாலும் ஆட்டைக் கட்டி வைக்க ஆள் இருக்கு."

போன வருடம் என் மகன் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். பவளம் அங்கே போய் நம்பர்த் துண்டுகளைத் தின்னும் கதையொன்று சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, "எழுதுமன்" என்றார்.

"உங்கடை ஆடெல்லோ அக்கா. எழுத்திலை அனுமதி தாறியளோ?"

"உமக்கும் எனக்கும் இடையிலை எழுத்தோ? விசர்க்கதை கதையாதேயும். ஒண்டு மட்டும் சொல்லுறன். பவளத்தைப் புத்தி சொல்லுற ஆடாக்கிப்போடாதேயும். ஆக்கினீரோ, வழக்குப் போடுவன்."

அண்ணை, நேற்று மலரின் மாதிரிப் பிரதி பார்த்தேன். நான் எழுதி அனுப்பிய அந்த ஆஸ்பத்திரிக் கதையைச் சேர்த்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் உங்கள் புதிய முடிவில் பவளம் அழுது, பிள்ளைகளே பொறுமையாக வரிசையில் நில்லுங்கள் என்கிறது. "செத்தவீட்டுப் புத்தகம் தங்கச்சி, சும்மா தின்னுறதோடை முடிச்சால் சனம் என்ன சொல்லும்?" என்று குரற்பதிவில் கேட்டிருந்தீர்கள்.

அக்காவுக்கு உரித்தென்று நீங்கள் ஒருவர்தான். பவளம் இப்போது உங்களுடையது. கதை என்னுடையது. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அச்சிட முடியாது. நான் மறுக்கலாம், மறுத்தால் அக்காவின் மலரில் உள்ள ஒரே பவளம் கதையும் போய்விடும். என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா வாயால் சொன்னதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

செத்தவீட்டன்று வாசல் கேற்றில் அக்காவின் படத்தோடு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. எங்கள் முன்பள்ளிப் பிள்ளையொருத்தி அதைப் பார்த்து, "ரீச்சர், பவளம் இதையும் தின்னுமோ?" என்றாள். பெரியவர்கள் அதட்டினார்கள். நான் "ஓம்" என்றேன். அவள் அக்காவின் படத்துக்குக் கையசைத்துவிட்டுப் போனாள். நானும் அசைத்தேன்.

அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். என் பழைய முடிவோடு போடலாமா? விரைவாகப் பதில் போடுங்கள், அண்ணை.