ரோசாலியா டீச்சர் சிரித்த பாடம்

போலந்தின் பிட்டோம் ஊர்ப் பள்ளியில் ரோசாலியா டீச்சர் போலிஷ் இலக்கணம் நடத்தினால் மண்டூகத்துக்கும் மண்டையில் ஏறும்.

"கடைசிக் கல்லைப் பார்த்தேன்னா 'ஒஸ்தாத்னி'. கடைசி நாயைப் பார்த்தேன்னா 'ஒஸ்தாத்னியேகோ'. உயிர் இருந்தா அந்தக் 'கடைசி'ங்கிற சொல்லுக்கு 'ஏகோ'ன்னு வால் முளைக்கும்டா, கழுதைங்களா!"

"பிணத்தைப் பார்த்தா, டீச்சர்?" என்றான் ஒரு போக்கிரி.

"அதுக்கும் அதே வால்தான். நம்ம பாஷைக்கு எது செத்தது, எது பிழைச்சதுன்னு தெரியாது." வகுப்போடு சேர்ந்து டீச்சரும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதே வாரம் நிலக்கரிச் சுரங்கம் சரிந்தது. உள்ளே மூன்று பேர். ஒருவர் டீச்சரின் கணவர் ஹூபர்ட். அன்று காலைதான் சண்டை. "இன்னைக்காவது புறாவுக்குத் தீனி போடேன், ரோசா" என்றார் அவர். "உன் புறா, நீயே போடு" என்று கதவைச் சாத்தியிருந்தார் டீச்சர்.

சுரங்க வாசல் அறையில் பெண்கள் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆள் கால் ஒடிந்து வந்தான். இரண்டாமவனைப் போர்வையால் முகம் மூடிக் கொண்டுவந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு அடைப்புதான். அதை உடைச்சா ஹூபர்ட் இருக்கிற இடம்" என்றார் மேஸ்திரி அலோய்ஸ். சுரங்கத்துக்குள்ளிருந்து வரும் டெலிபோன் மணி அடித்தது. அவர் முதுகைக் காட்டி நின்றபடி பேசினார்.

"ஒஸ்தாத்னியேகோவா? சரி... சரி."

கடைசி அடைப்புக்கு அந்த வால் கிடையாது. அப்படியென்றால் ஆளையே கண்டுபிடித்துவிட்டார்கள்! டீச்சர் துள்ளி எழுந்தார். எழுந்த மாத்திரத்தில் வகுப்பில் தான் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. பிணத்துக்கும் அதே வால்தானே! அலோய்ஸ் திரும்பவே இல்லை. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது. கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரை ஹூபர்ட் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

"கேளுங்க டீச்சர்" என்று பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள்.

"அலோய்ஸ்... மூச்சு இருக்கா?"

அலோய்ஸ் திரும்பினார். கண்ணெல்லாம் ஈரம்.

"மூச்சா? பேச்சே இருக்கு, டீச்சரம்மா! புறாவுக்குத் தீனி போட்டியான்னு கேக்குறான்."

டீச்சர் டெலிபோனை நெருங்கினார். வாழ்நாளில் பொய்யே சொல்லாதவர்.

"போட்டுட்டேன்னு சொல்லுங்க" என்றார்.