முப்பத்தேழு டிகிரியில் ஒளிர்ந்த தட்டுகள்

நாமக்கல்லில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், பாக்டீரியா வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் முகப்பில் 37 என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணை நான் இரண்டு ஆண்டுகள் நம்பினேன்.

என்னோடு வேலை பார்த்த அக்கா எருமப்பட்டிக்காரர், கோழிப்பண்ணை வீட்டில் பிறந்தவர். கோழிகளுக்குத் தடுப்பு மருந்தாக ஒரு பாக்டீரியாவை மாற்றியமைப்பது அவருடைய ஆய்வு. அதற்குள் அவர் வைத்த ஆர்.என்.ஏ. இழை கொண்டை ஊசிபோல் மடிந்து கிடக்கும். சூடு ஏறினால் மடிப்பு அவிழ்ந்து ஒளிரும் புரதம் உருவாகும், பாக்டீரியா வளர்ந்த தட்டு பச்சையாக ஒளிரும். கோழியின் உடம்பு நாற்பத்தொரு டிகிரி, மனிதனுடையது முப்பத்தேழு. கோழிக்குள் அது விழிக்க வேண்டும். தவறி மனிதருக்குள் போனால் உறங்கிக் கிடக்க வேண்டும். வேறொரு பெட்டியில் நாற்பத்தொன்றில் வைத்த தட்டுகள் ஒளிர்ந்தன. எங்கள் பெட்டியில் முப்பத்தேழில் ஒன்றுகூட ஒளிரவில்லை. அனுமதி கிடைத்தது. மூடிய கொட்டகையில் கோழிகளுக்குக் கொடுக்க நாள் குறித்து, தீனி வைக்க இரண்டு பெண்களையும் அமர்த்தினார்கள்.

அந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு, வீட்டுக் குஞ்சுக் கொட்டகைக்காக வாங்கிய புது வெப்பமானி சரிதானா என்று பார்க்க அக்கா அதை எங்கள் பெட்டிக்குள் வைத்தார். முப்பத்துநாலு காட்டியது. ஆய்வகத்தில் இருந்த வேறு இரண்டை வைத்தார். அவையும் அதையே காட்டின.

“முப்பத்தேழுல நாம பார்க்கவே இல்ல சாமி,” என்றார்.

மாதந்தோறும் பெட்டியைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவன் நான். முகப்பு எண்ணைப் பார்த்தே எழுதிவந்திருந்தேன்.

உண்மையான முப்பத்தேழில் வைத்த தட்டுகள் மறுநாள் காலையில் மங்கலாக, ஆனால் ஐயமில்லாமல், பச்சையாக ஒளிர்ந்தன.

“வெளிச்சம் ரொம்பக் கம்மிதானேம்மா. சோதனை முடியட்டும், பார்த்துக்கலாம்,” என்றார் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர்.

“கொட்டகைக்குள்ள போறது அந்த ரெண்டு பொம்பளைங்க சார். அவங்க ஒடம்பு முப்பத்தேழுங்க,” என்ற அக்கா, அனுமதிக் குழுவுக்குத் தானே கடிதம் எழுதினார். அன்றே நானும் என் தவறைப் பேராசிரியரிடம் சொன்னேன்.

சோதனை நின்றது. ஆய்வு நிதியும் நின்றது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். வேலையை இழந்தது அந்த நிதியில் சம்பளம் வாங்கிய அக்கா. இப்போது ஒரு தீவன ஆலையில் மாதிரிகளைச் சோதிக்கிறார். என்னை அவர் ஒரு சொல் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இந்த ஆண்டு அந்த இழையில் இரண்டு எழுத்துகளை மாற்றி மடிப்பை இறுக்கினேன். நாற்பத்தொன்றில் தட்டு ஒளிர்கிறது, உண்மையான முப்பத்தேழில் இருட்டாகவே கிடக்கிறது. கட்டுரையில் அக்காவின் பெயரை முதலில் போட்டு, அனுப்புவதற்குமுன் அழைத்துச் சொன்னேன்.

“எத்தன தடவ பார்த்தே?”

“பதினாலு தடவைங்கக்கா.”

அவருக்குப் பின்னால் ஆலை இரைச்சல் கேட்டது.

“நான் ஞாயித்துக்கெழம வாரேன் சாமி. இன்னொரு தடவ சேர்ந்து பார்த்துட்டு அனுப்பலாம்.”