சாம்பல் இலக்கியத்துக்கு வந்த கவிஞர்கள்

என் மனைவி ஹிமாயாவோடு வடை சாப்பிடுவது பெரிய தொல்லை. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இறால் வடை வாங்கினால் நான் வடையைப் பார்ப்பேன், அவள் அதைச் சுற்றியிருக்கும் கடதாசியைப் பார்ப்பாள். எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்குவாள். பெரும்பாலும் அது யாரோ ஒரு பிள்ளையின் பரீட்சைத் தாளாக இருக்கும். நான் கணித ஆசிரியன், விடைகளைப் பார்த்து எனக்குப் பசி போய்விடும். ஒரு நாள் அது நிந்தவூர்க் கிணறுகளில் உப்பு ஏறியதைப் பற்றிய ஓர் அறிக்கையின் நடுப்பக்கமாக இருந்தது. மீதிப் பக்கங்கள் எங்கே என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்து, அவர் வடை சுற்ற வைத்திருந்த கடதாசிக் கட்டை முழுதாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வடை ஆறிப்போனது.

கல்முனையில் ஒரு சின்ன ஆய்வு நிலையத்தில் அவள் உதவி நூலகர். அங்கே பின் அறையில் நான்கு அலுமாரிகள் நிறைய அவள் சேர்த்து வைத்திருப்பவை எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்காதவை. திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் எழுதி, ஒரு கூட்டத்தில் பகிர்ந்து, தேநீர் குடித்துவிட்டு மறந்துபோன அறிக்கைகள். சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள், மருதமுனைத் தறிகள், ஒலுவில் கடலரிப்பு என்று எல்லாம் இருக்கும். அலுமாரியில் கொள்ளாதவை எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வெளியே போடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்ணுடையது. நான் மாப்பிள்ளையாக வந்து ஏறியவன், கட்டிலுக்கு மேலே இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

அவளை இந்த அளவுக்கு வெறி பிடிக்க வைத்தது ஒரே ஒரு வசனம். பட்டத்துக்கு ஆய்வு எழுதுகிறவர்கள் எல்லோரும் இரண்டாம் அத்தியாயத்தில் அதை எழுதுவார்கள்: "இப்பிரதேசம் பற்றி முன்னைய ஆய்வுகள் எதுவும் காணப்படவில்லை." அதை வாசிக்கும் போதெல்லாம் ஹிமாயா புத்தகத்தை டப்பென்று மூடுவாள்.

"காணப்படல்லயாம்! எங்க போய்த் தேடின இவங்க? போனுக்குள்ள தேடின. பின் அறைக்கு ஒரு எட்டு வந்து பார்த்தாத்தானே காணலாம்!"

இதையெல்லாம் அவள் என்னைப் பார்த்துத்தான் கத்துவாள். நான் எந்த ஆய்வும் எழுதியவன் அல்ல.

இப்படியிருக்கையில் போன வருடம் நிலையத்துக்கு ஒரு பெரிய போட்டோ கொப்பி இயந்திரம் வந்து சேர்ந்தது. வைக்க இடம் இல்லை. பணிப்பாளர் பின் அறையைப் பார்த்தார். அலுமாரிகளையும் பார்த்தார்.

"இதுகள ஆரு மகள் எடுத்துப் பாக்குறாங்க? கூகிள்ள இல்லாத ஒண்ட இந்தக் காலத்துல ஆரு தேடுவான்? போத்தல் பேப்பர்காரனுக்குக் குடுத்தா இடமாச்சும் மிஞ்சும்."

ஹிமாயா அன்று அவர் முன்னால் அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதாள். மறுநாள் போய்ப் பேரம் பேசினாள். ஆய்வாளர்களைக் கூப்பிட்டு ஒரு செயலமர்வு நடத்துவாள். அவர்களில் ஒருவராவது அந்த அறிக்கைகளைத் தன் ஆய்வில் பயன்படுத்தினால் அலுமாரிகள் இருக்கும். இல்லாவிட்டால் போத்தல் பேப்பர்காரர். பணிப்பாளர் சரி என்றார்.

அழைப்பிதழுக்கு அவள் எழுதிக் கொடுத்த தலைப்பு "வெளியிடப்படாத அறிக்கைகளைத் தேடுதலும் பயன்படுத்தலும்." பணிப்பாளருக்கு அது நீளமாகப் பட்டது. இந்த வகை எழுத்துக்கு ஆங்கிலத்தில் 'கிரே லிட்டரேச்சர்' என்று ஒரு நிறத்தின் பெயர் உண்டு என்று யாரோ சொல்ல, அவரே அதைத் தமிழாக்கிவிட்டார். "சாம்பல் இலக்கியம்: ஒரு நாள் செயலமர்வு. அனைவரும் வருக." முகநூலிலும் போட்டார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் கரையோரத்தில் இலக்கியம் என்ற சொல்லை யோசிக்காமல் வெளியே விடக்கூடாது. இங்கே வீட்டுக்கு வீடு கவிஞர் இருக்கிறார்.

நான் பயந்தபடியே நடந்தது. செயலமர்வு அன்று காலையில் மண்டபம் நிறைந்துவிட்டது. பெட்டிஸ் போதாமல் என்னை இரண்டு தடவை பேக்கரிக்கு ஓட விட்டார்கள். சாய்ந்தமருதில் இருந்தும் மருதமுனையில் இருந்தும் பொத்துவிலில் இருந்தும்கூடக் கவிஞர்கள் வந்திருந்தார்கள். கக்கத்தில் தங்கள் கவிதைத் தொகுதிகள். ஆய்வாளர்கள் என்று பார்த்தால் இரண்டு பேர். ஒருவர் ஷிப்லி, இளம் விரிவுரையாளர். மற்றவர் நுஸ்ஹா, வயலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறுவதைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்கு எழுதுகிறவள்.

குர்ஆனில் இருந்து கிறாஅத் ஓதி முடிந்ததும் ஹிமாயா பேசத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பெயர் பக்கீர் முகைதீன். புனைபெயர் வாடைப்பித்தன். சொந்தச் செலவில் ஒன்பது தொகுதிகள் போட்டவர்.

"மகள், கவியரங்கம் எத்தன மணிக்கு?"

"கவியரங்கம் இல்ல சேர். இது அறிக்கையளப் பத்தின செயலமர்வு."

"சாம்பல் எண்டு போட்டிருந்திச்சே! எரிஞ்சது, அழிஞ்சது, அதுகளப் பத்தின கவிதையாக்கும் எண்டு நெனச்சிட்டு வந்த. ராவு முழுக்க இருந்து எழுதின."

கையில் தாளை வைத்துக்கொண்டு நிற்பவரை என்ன செய்வது? வாசிக்க விட்டோம். அவரை விட்டதால் அடுத்தவரையும் விட வேண்டி வந்தது. சாம்பல், சாம்பல், சாம்பல் என்று மத்தியானம் வரைக்கும் மண்டபத்தில் சாம்பல் பறந்தது. ஹிமாயா மேடை ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கின் வயரைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்த சின்ன இடைவெளியில் அவள் அந்தக் 'காணப்படவில்லை' வசனத்தில் இருந்து மறுபடியும் தொடங்கினாள். ஷிப்லி கையை உயர்த்தினார்.

"இதுகள மேற்கோள் காட்டினா எங்கட பதவி உயர்வுக்குப் புள்ளி வருமா மேடம்?"

"புள்ளி வருமோ தெரியா தம்பி. செஞ்ச வேலையத் திரும்பவும் செய்யிற மடத்தனம் இல்லாமப் போகும்."

ஷிப்லி சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார், அப்படியே வீட்டுக்கும் போய்விட்டார். நுஸ்ஹா மட்டும் எழுந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நானும் அப்பிடித்தான் ராத்தா எழுதி வச்சிருக்கன். நிந்தவூர் வயல் உப்பப் பத்தி முன்னைய ஆய்வு ஒண்டும் காணப்படல்ல எண்டு. கிணத்துக்குத்தான் இரிக்கி. வயலுக்கு ஒங்கிட அலுமாரியிலயும் இல்ல. நான் பாத்திட்டன்."

ஹிமாயாவின் முகம் செத்துப்போனது. அது உண்மை. கிணறுகளைப் பற்றிய அறிக்கை வடைக்கடையில் கிடைத்தது, வயல்களைப் பற்றியது எங்குமே கிடைக்கவில்லை. மிஞ்சிய ஒரே ஆய்வாளருக்கும் கொடுக்க ஒன்றுமில்லை. அப்போது முன்வரிசையில் இருந்து சலிப்பான ஒரு குரல்.

"அது எப்பிடி இல்லாமப் போகும்? நான் எழுதினதுதானே."

எல்லோரும் வாடைப்பித்தனைத் திரும்பிப் பார்த்தோம்.

"நீங்களா சேர்?"

"ஓம். நீர்ப்பாசனத்துல இருந்தன்தானே. கடல் பெருகுற காலத்துல வாய்க்கால் வழியா உப்பு எவ்வளவு தூரத்துக்கு ஏறுது எண்டு வருஷா வருஷம் அளந்து எழுதிக் குடுத்தன். அதெல்லாம் ஒரு எழுத்தா மகள்? ஒபிஸ் வேல."

"இப்ப எங்க இரிக்கி?"

"வீட்டுல கிடக்கும். பொஞ்சாதி கோழிக்கூட்டுக்கு விரிச்சது போக மிச்சம்."

ஹிமாயா மைக்கைக் கீழே வைத்தாள். பிறகு மண்டபத்தைப் பார்த்து, பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்பது போல, இங்கே யார் யார் அரசாங்கத்தில் வேலை செய்தவர்கள் என்று கேட்டாள். கைகள் உயர்ந்தன. கமநல உத்தியோகத்தர், கடற்றொழில் பரிசோதகர், சுனாமி முகாம்களில் பிரசவம் பார்த்த குடும்பநல உத்தியோகத்தர் றுகையா. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் கவிஞர்கள். எல்லோரும் வாழ்நாள் முழுக்க அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, அதை எழுத்தென்றே மதிக்காமல் கவிதையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆண்டுக் கணக்கில் இவள் வடைக் கடதாசியில் தேடியது இவர்களைத்தான்.

அன்று பின்னேரமே நானும் ஹிமாயாவும் நுஸ்ஹாவும் ஓட்டோ பிடித்து வாடைப்பித்தனின் வீட்டுக்குப் போனோம். கோழிகள் எங்களை விரட்டின. அறிக்கைகள் ஓரம் கறுத்திருந்தாலும் வாசிக்க முடிந்தது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தன் ஒன்பது தொகுதிகளும் அதே அலுமாரியில் இருக்க வேண்டும். ஹிமாயா ஒத்துக்கொண்டாள்.

மாதங்கள் கழித்து நுஸ்ஹாவின் ஆய்வு வந்தது. அதன் இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பாழாய்ப்போன வசனம் இல்லை. பணிப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, அலுமாரிகள் இருக்கட்டும் என்றார். ஆனால் போட்டோ கொப்பி இயந்திரத்தையும் அதே அறைக்குள் தள்ளிவிட்டார். இப்போது அங்கே ஆள் திரும்ப இடமில்லை. ஹிமாயா அதற்கும் என்னிடம்தான் கத்தினாள்.

போன கிழமை, நான் அவளைக் கூட்டிப்போக வந்து நிற்கும்போது, வாடைப்பித்தன் வேகமாக உள்ளே வந்தார். கையில் நுஸ்ஹா கொடுத்த பிரதி. உசாத்துணைப் பட்டியலில் ஒரு இடத்தை விரலால் குத்தினார்.

"இதப் பாரு மகள். பக்கீர் முகைதீன் எண்டு போட்டு, பக்கத்துல அடைப்புக்குள்ள 'வெளியிடப்படாதது' எண்டு போட்டிரிக்கி. ஒம்பது புத்தகம் வெளியிட்டவன் நான்! என்னப் போய் வெளியிடப்படாதவன் எண்டா?"

"ஒங்களச் சொல்லல்ல சேர். அந்த அறிக்கையத்தான். அப்பிடித்தான் போடணும்."

அவர் விடவில்லை. கவிதைகளைப் பற்றி ஒரு வரிகூட எவனும் எழுதியதில்லை என்றார், அறிக்கையில் திணைக்களத்தின் பெயரைத்தான் போட்டார்கள், தன் பெயரை எவனும் போட்டதில்லை என்றார், இப்போது போட்டவளும் இப்படிப் போட்டிருக்கிறாளே என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறி, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஹிமாயா என் கையைப் பிடித்தாள். அவர் அந்தப் பக்கத்தை மறுபடியும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிவிட்டது.

"இந்தப் பக்கத்த மட்டும் கொப்பி அடிக்க ஏலுமா மகள்? நான் அவ்வளவு காலம் ஒபிஸ்ல என்ன செஞ்ச எண்டு பொஞ்சாதிக்குத் தெரியா. காட்டணும்."

"ஓம் சேர். இரிங்க, அடிச்சித் தாறன்."

"அந்த அடைப்புக்குள்ள இரிக்கிறத மறைச்சி அடிக்க ஏலுமா?"

"ஏலா சேர்."

"அப்ப அப்பிடியே அடி. ரெண்டு கொப்பி."