டாக்குரியாவிலிருந்து பவானிபூர்: உட்கார முடியாதவனின் ஐந்து கிலோமீட்டர்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இமயமலைக்குப் போவார்கள். நான் 2008 ஜனவரியில் கொல்கத்தாவுக்குள்ளேயே டாக்குரியாவிலிருந்து பவானிபூர் போனேன். ஐந்து கிலோமீட்டர். கிளம்பவே ஒன்பது மாதம் பிடித்தது.

காரணம், என் வலது பிட்டத்தின் ஆழத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசை. பிரிஃபார்மிஸ் என்று பெயராம். அது இறுகிக்கொண்டு பக்கத்து நரம்பை அழுத்தியதில், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தீப்பிடிக்கும். ஆபீசில் அலமாரி மேல் ஃபைலை வைத்து நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். பிரமோஷனுக்காக உழைப்பாளி வேஷம் போடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். மாத்திரை, ஒத்தடம், உடற்பயிற்சி எதுவும் முழுதாகப் பலிக்கவில்லை. தசையைத் தளர்த்தும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் பவானிபூர் கிளினிக் டாக்டரம்மா. ஊசி என்றால் எனக்கு உயிர் போய்விடும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே காலம் தள்ளினேன்.

இதற்கிடையில் மகள் வித்யாவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி, அப்பா மடியில் பெண் உட்கார்ந்திருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். நின்றுகொண்டிருப்பவனுக்கு மடி ஏது?

"ஏன்னா, பேசாம உங்க தம்பி மடியில உட்கார வெச்சுடலாமா?" என்றாள் மனைவி மைதிலி. அன்று மாலையே ஊசிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஊசி நாளன்று காலை 9.10க்கு டாக்ஸி. அம்பாசடர் ஸ்பிரிங் சீட்டில் உட்கார்ந்தால் செத்தேன். அதனால் பின் சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி பயணம் செய்தேன். குளிருக்கு மாட்டியிருந்த மங்கி கேப்புக்குள்ளிருந்து டிரைவர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தாதா, புலீஷ் பிச்சோனே ஆஷ்சே நாகி?" அண்ணே, போலீஸ் துரத்துகிறதா என்று கேட்கிறார்.

"புலீஷ் இல்லே, பொண்ணு கல்யாணம்" என்று தமிழில் சொல்லிவைத்தேன். என்ன புரிந்ததோ, வேகத்தைக் கூட்டினார். 9.35க்கு பவானிபூர். அறுபது ரூபாய்.

கிளினிக்கில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் டாக்டர் அறைக் கதவோரம், கையில் என் ஃபைலோடு நின்றேன். பெயர் கூப்பிடும் ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு வயதான மாஷிமா என்னை அந்த ஆள் என்று நினைத்து, என் கையில் தன் பெயர்ச் சீட்டைத் திணித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஐந்து நிமிடத்தில் என்னிடம் பதினோரு சீட்டு. உள்ளே மணி அடித்தது. என்ன செய்ய, என் ஓட்டை வங்காளியில் பெயர்களைப் படித்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். ஒருவர் அவசரம் என்று கெஞ்சினார். "லைன், லைன்" என்று அதட்டவும் செய்தேன். அதிகாரம் ருசிக்கத்தான் செய்கிறது.

11.20க்குச் சீட்டெல்லாம் தீர்ந்தபோதுதான், என் பெயரைக் கூப்பிட ஆளில்லை என்று உறைத்தது. நானே கூப்பிட்டுக்கொண்டு நானே போனேன்.

"வெளியே யார் இப்படி வங்காளியைக் கொலை செய்கிறார் என்று பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் சிரித்தார் டாக்டரம்மா.

குப்புறப் படுக்கவேண்டும். முதலில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. பிறகு ஸ்கேன் திரையில் பார்த்தபடி நீளமான மெல்லிய ஊசி. தசையைத் தொட்டதும் காலில் ஒரு சுளீர், ஒரு அழுத்தம், அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முகச் சுருக்கம் போக நடிகைகள் போட்டுக்கொள்கிற அதே மருந்தாம். ஆக, என் உடம்பில் இளமை திரும்பிய இடம் ஒன்று உண்டு. யாருக்கும் காட்டத்தான் முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். துணைக்கு ஆளோடு போங்கள். நான் வீரனாகத் தனியே போய், காலில் வலுவில்லாமல் படியிறங்கத் திண்டாடினேன். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, தேய்த்துவிடக் கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது மைதிலி வாசலிலேயே மறித்துவிட்டாள். எல்லோருக்கும் பலிக்காது, பலித்தாலும் சுமார் மூன்று மாதம்தான், உடற்பயிற்சியை விடக்கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முக்கியமாக, மறுநாளே வலி போய்விடாது. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாளும் இல்லை. மைதிலி என் தம்பிக்கு போன் செய்து வேஷ்டி அளவு கேட்டாள். பதினோராம் நாள் காலை பேப்பரில் மூழ்கியிருந்தேன்.

"ஏன்னா!" என்று அலறினாள். "உட்கார்ந்திண்டிருக்கேள்!"

பார்த்தேன். நாற்காலியில்தான் இருந்தேன். அரை மணி நேரமாக.

முகூர்த்தத்தன்று வித்யா பட்டுப்புடவையோடு என் மடியில் உட்கார்ந்தாள். "வலிக்கறதாப்பா?" என்று காதோரம் கேட்டாள்.

"நீ கனக்கறே. அது வேற."

தாலி ஏறியது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் அசையவில்லை.

"மாமா, எழுந்திருக்கலாம்" என்றார் சாஸ்திரிகள். மைதிலி பதறி ஓடிவந்தாள். "வலிக்கறதா?"

இல்லை என்று தலையாட்டினேன். டாக்டரம்மா என்னை உட்கார வைக்கத்தான் ஊசி போட்டார். அவருக்கு ஆயிரம் நமஸ்காரம். வித்யா போன பிறகு எழுந்திருப்பதற்கு ஊசி கிடையாது.