இறந்தவர்கள் கொண்டுவந்த சோறு

உதயரூபனின் மோட்டார் சைக்கிள் நாவற்குடாச் சந்தியில் திரும்பினால், கரப்பான்பூச்சிகள் குடும்பம் குடும்பமாக வாவிக்குள் குதித்துவிடும். அப்படிப்பட்ட சுகாதாரப் பரிசோதகர் அவர். தலை நிறைய முடியோடு இந்த உத்தியோகத்துக்கு வந்தவர். பாதியைக் கொத்துரொட்டிக் கடைகள் தின்றன, மீதியை முதியோர் இல்லங்கள் தின்றுகொண்டிருந்தன.

அவற்றிலும் கம்சாயினி நடத்திய வாவிக்கரை இல்லத்துக்குப் பசி அதிகம். இல்லத்தின் பதிவைப் புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். ஏற்கெனவே வந்து பார்த்துக் கையெழுத்து வைக்காமல் திரும்பியவர். இன்றும் வைக்காவிட்டால் இல்லத்தைப் பூட்டி, அங்கிருக்கும் பெரியவர்களை ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்ப வேண்டியதுதான். கம்சாயினிக்குக் காலையிலிருந்து தேநீர்கூட இறங்கவில்லை.

சமையலறையில் ஒரு குறையும் இல்லை. மீனுக்கு ஒரு வெட்டுப்பலகை, மரக்கறிக்கு ஒன்று. குப்பைவாளிக்கு மூடி. குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த உதயரூபன், ஏமாற்றத்தோடு வெளியே எடுத்தார்.

வினை சாப்பாட்டுப் பதிவில் இருந்தது. அந்த இல்லத்துக்குப் பகல் சோறு பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். யாருக்காவது திவசம் என்றால் வீட்டார் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். கொண்டுவந்தவரின் பெயர் எழுத விட்டிருந்த இடத்தை உதயரூபன் வாசித்தார்.

“அழகரத்தினம். பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பாயாசம். இவர்ர போன் நம்பர் எங்க தங்கச்சி?”

“அவருக்குப் போன் இல்ல சேர்.”

“இந்தக் காலத்தில போன் இல்லாத ஆளா? வீடு எங்க?”

கம்சாயினி கூரையைப் பார்த்தாள். “அவர்ர திவசத்துக்குத்தான் சேர் அந்தச் சாப்பாடு வந்த.”

உதயரூபன் பக்கத்தைப் புரட்டினார். “இவ?”

“அவவும் இல்ல.”

“இந்தப் புத்தகத்தில உசிரோட ஆரும் இருக்காங்களா?”

“கீழ கையெழுத்து வெச்ச நான் இருக்கன் சேர்.”

அவர் பேனையை மேசையில் போட்டார். “போன தரமும் இதத்தானே சொன்னன்! நாளைக்கு ஆருக்கும் வயித்தால போனா நான் ஆரப் புடிக்கிற? சுடலைக்குப் போய் விசாரிக்கிறதா?”

“நான் என்ன செய்யிற சேர்? உங்கட பேரச் சொல்லுங்க எண்டா, சோறு அம்மாட பேரில, அவட பேர எழுது எண்டு சண்டைக்கு வாறாங்க. வற்புறுத்தினா சோத்தக் கரடியனாறுப் பக்கத்து இல்லத்துக்குக் கொண்டுபோயிருவாங்க. மறுகா இதுகள் பட்டினி கிடக்கிறதா?”

“உசிருள்ள பேர் ஒண்டு காட்டுங்க. ஒண்டே ஒண்டு. கையெழுத்து வைக்கிறன்.”

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெரிய பெரிய சட்டிகளோடு இறங்கியவள் மேனுகா. உதயரூபனின் மனைவி.

“நீ எங்க இஞ்ச?”

“நல்ல கேள்வி! அம்மாட திவசம். கிழமை முழுக்கச் சொன்னன், ஓம் ஓம் எண்டு தலையாட்டினீங்க. விடியக்காலம் நீங்க தேங்காய் திருவினது ஆருக்கு எண்டு நெனைச்சீங்க?”

தனக்கென்றுதான் நினைத்திருந்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து களுதாவளையில் மாமியின் வீட்டிலேயே இருந்து, மாமியின் கையால் தின்று வயிறு வளர்த்த மனிதர் அவர்.

கம்சாயினி வெகு பணிவாகப் புத்தகத்தை விரித்தாள். “ஆர்ர பேர் எழுதுற அக்கா?”

“ஆச்சிப்பிள்ளை.”

உதயரூபன் தொண்டையைச் செருமினார். “சமைச்ச ஆள்ர பேர் வேணும்.”

“என்ட பேர் எதுக்கு? பலன் அம்மாக்குப் போகணும், எனக்கா?”

“சட்டம்.”

“சட்டத்துக்குப் பசிக்கல்ல போல. அங்க பாருங்க, பெரியாக்கள் தட்டோட இருக்காங்க.”

அவர் விடவில்லை. பையிலிருந்து வெப்பமானியை எடுத்துச் சாம்பாருக்குள் விட்டார். ஆட்டோ ஆடி அசைந்து வந்ததில் சூடு இருக்க வேண்டிய அறுபது பாகைக்குக் கீழே இறங்கியிருந்தது. “சுடவைக்கணும்” என்றார். மேனுகா பார்த்த பார்வையில் சாம்பார் தானாகவே கொதித்திருக்கும். ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அவரே அடுப்பை மூட்டினார்.

“தம்பி,” என்று பந்தியிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார், “உங்கட மாமி இருந்திருந்தா எங்கள இவ்வளவு நேரம் காய விட்டிருப்பாவா?”

ஒருவழியாகப் பந்தி முடிந்தது. தட்டெடுத்த கையோடு மேனுகா வந்து நின்றாள்.

“சரி, எழுதுங்க தங்கச்சி. சமைச்சது மேனுகா. தேங்காய் திருவினது உதயரூபன். கை கழுவினவரா எண்டு அவரிட்டயே கேளுங்க.”

கம்சாயினி நிமிர்ந்தாள். “கழுவினீங்களா சேர்?”

இத்தனை வருடமாக ஊரையே கேட்ட கேள்வி. உதயரூபன் யோசித்தார். காலையில் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டது தேங்காய்க்கு முன்னா, பின்னா?

“கழுவின மாதிரித்தான்...”

“அப்பிடியே எழுதவா சேர்?”

உதயரூபன் புதுப்பிக்கும் பத்திரத்தை வெடுக்கென்று இழுத்துக் கையெழுத்து வைத்தார். உயிருள்ள பெயர் ஒன்று கேட்டவருக்கு இரண்டு கிடைத்துவிட்டதே!

வீட்டுக்குப் போன பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. “தங்கச்சி, அந்த ஐயாக்கு வயிறு எப்பிடி?” என்று போன். கொஞ்சம் பொறுத்து, “மத்த ஆக்களுக்கு?” என்று போன். பொழுது சாய்வதற்குள் கம்சாயினிக்குப் பொறுமை போய்விட்டது.

“எல்லாரும் கல்லுக் கணக்கா இருக்காங்க சேர். பாயாசம் மிச்சம் இருக்கா எண்டு கேக்காங்க. இனியும் போன் எடுத்தீங்கண்டா, அதையும் பதிவில எழுதிப்போடுவன்!”